கோதிக் 3: இத்தனை வருடம் கழித்துத் திரும்ப ஆடலாமா?

நிழல்வில்:

வணக்கம் நண்பர்களே. கோதிக் 3 என்ற கணினி சாகச கேமைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன், முழுசாக ஆடி முடித்தவர்களின் கருத்து வேண்டும்.

2006 அக்டோபரில் வந்த கேம். வந்த புதிதில் ஆடினேன். அப்போதிருந்த கணினிக்கு அது தாங்கவில்லை. ஊர் ஒன்று நெருங்கினாலே படம் நின்று நின்று வரும், கொஞ்ச நேரம் ஆடினால் ‘குரு மெடிடேஷன்’ என்று ஒரு பெட்டி திரையில் வந்து எல்லாம் மூடிக்கொள்ளும். கேமின் நடுப்பகுதி நாடான மிர்தானாவில் பாதி சுற்றியதோடு நின்றுபோனது. வரான்ட் பாலைவனத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் அதற்குப் பிறகு ஆடிய எத்தனையோ ஓப்பன் வேர்ல்ட் (எங்கும் இஷ்டப்படி சுற்றக்கூடிய) கேம்கள் மறந்துபோய்விட்டன, இது மறக்கவில்லை. ஒரு மேட்டில் ஏறி நின்றால் தூரத்தில் ஒரு கோட்டை தெரியும், அங்கே வரை லோடிங் திரையே இல்லாமல் நடந்தே போகலாம், போனால் அந்தக் கோட்டையில் ஓர்க்குகள் (மனிதர்களின் எதிரியான முரட்டு இனம்) குடியிருப்பார்கள், அவர்களுக்கு வேலை பார்க்கலாம், அல்லது மொத்தக் கோட்டையையும் அவர்களிடமிருந்து பிடுங்கிவிடலாம். எது செய்தாலும் கேம் தடுக்காது. அந்தச் சுதந்திரத்தை அதற்குப் பிறகு வேறெங்கும் அதே மாதிரி பார்க்கவில்லை.

நான் கேட்க வருவது இதுதான். பேட்ச் (பிழைகளைச் சரிசெய்யும் திருத்தம்) எல்லாம் போட்ட பிறகு இப்போது நிம்மதியாக ஓடுகிறதா? அமைப்புகளில் ‘மாற்று ஏ.ஐ.’ (எதிரிகள் சண்டை போடும் விதம்), ‘மாற்று பேலன்ஸ்’ (பலக் கணக்கு) என்று இரண்டு இருக்கிறதாமே, அவற்றைப் போட வேண்டுமா? அப்புறம் முக்கியமாக, கடைசி வரை ஆட அதில் விஷயம் இருக்கிறதா, அல்லது ஒரு அளவுக்கு மேல் வெறும் நடைதானா?

கரும்பாறை:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஓடும். நன்றாகவே ஓடும். அதிகாரப்பூர்வ பேட்ச்கள் 2007-லேயே நின்றுவிட்டன. அதற்கப்புறம் கேமைக் காப்பாற்றியது ரசிகர்கள்தான். கம்யூனிட்டி பேட்ச் குழு என்று ஒன்று சேர்ந்து, வெளியீட்டாளரின் சம்மதத்தோடு, காசு வாங்காமல், வருடக்கணக்கில் உட்கார்ந்து சரி செய்தார்கள். 2012-இல் வந்த 1.75 பதிப்பில் வந்து நிறுத்தினார்கள். பாதியில் செத்துப்போகும் குவெஸ்ட்கள் (கேமில் கொடுக்கும் வேலைகள்), மெமரி தீர்ந்து விழும் க்ராஷ், சேவ் கெட்டுப்போவது, சண்டையில் அடி பதிவாகாமல் போவது என்று அவர்கள் கை வைக்காத இடமே இல்லை. இப்போது டிஜிட்டலில் வாங்கினால் பெரும்பாலும் 1.75 உள்ளேயே இருக்கும், இருந்தாலும் முதல் திரையில் பதிப்பு எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கில் இருந்து போடுகிறீர்கள் என்றால் பேட்சைத் தனியாக இறக்கிப் போட வேண்டும்.

முழுசாகத் தீராதது ஒன்று உண்டு, அந்த நின்று நின்று வரும் பிரச்சினை. மொத்த உலகமும் ஒரே துண்டு, நீங்கள் நடக்க நடக்க அடுத்த பகுதியை வட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். லோடிங் திரை இல்லை என்று நீங்கள் ரசித்தீர்களே, அதற்குக் கொடுக்கும் விலை இதுதான். வேகமான எஸ்.எஸ்.டி. வட்டில் போட்டால் முக்கால்வாசி குறைந்துவிடும். ஃபிரேமை நொடிக்கு 60-க்கு மேல் விடாமல் கட்டி வையுங்கள். கேமின் கிராபிக்ஸ் கட்டளைகளைப் புது முறைக்கு மாற்றித் தரும் டி.எக்ஸ்.வி.கே. போட்டுப் பார்த்தேன், என் கணினியில் இன்னும் கொஞ்சம் சீரானது.

தூரப் பார்வையைக் கூட்ட கேமின் அமைப்புகள் இருக்கும் ஐ.என்.ஐ. கோப்பில் கை வைக்கலாம். ஆனால் ஒரே அடியாகப் பெரிய எண் போடாதீர்கள், தூரத்து மரமெல்லாம் அட்டை மாதிரி தெரியும், ஃபிரேமும் விழும். மாற்றுவதற்கு முன் கோப்பை ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

க்விக் சேவ் ஒன்றையே நம்பி ஆடாதீர்கள். ஒவ்வொரு ஊரைப் பிடிக்கும் முன்னும் தனி இடத்தில் ஒரு சேவ். ஊர் கைமாறும்போது அங்கே குவெஸ்ட் கொடுத்தவர்களும் செத்துப்போவார்கள், பேட்ச் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தேன்சிட்டு:

ஆடுங்கள், கட்டாயம் ஆடுங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த கேமைப் பற்றிப் பேச்சு வந்தாலே பக், காட்டுப்பன்றி என்று அதிலேயே நின்றுவிடுகிறோம்.

கதை தொடங்கும்போதே போர் முடிந்துவிட்டது, மனிதர்கள் தோற்றுவிட்டார்கள். இரண்டாம் ரோபார் மன்னர் தலைநகர் வெங்கார்டில் ஒரு மந்திரத் தடுப்புக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறார். மிர்தானாவின் ஊர்கள் ஓர்க்குகள் கையில். மிச்சமிருக்கும் கலகக்காரர்கள் ரெட்டாக், ஒகாரா, நெமோரா என்று மறைவிடங்களில் இருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்று என்று யாரும் உங்களைத் துரத்துவதில்லை. ஸார்டாஸ் என்ற மந்திரவாதியைத் தேடு என்று ஒன்று சொல்வார்கள், அவ்வளவுதான். அவர் வடக்கே நோர்ட்மாரில் ஒரு கோபுரத்தில் இருக்கிறார். உயிரோடு போய்ச் சேர முடிந்தால் முதல் நாளே போகலாம், எந்தக் கதவும் பூட்டியிருக்காது.

ஓர்க்குகளைக் காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதற்கு முந்தைய இரண்டு கேம்களிலும் பெரும்பாலும் ஓர்க் என்றால் ஓடு, இல்லை வெட்டு, அவ்வளவுதான். இங்கே அவர்கள் ஊரை ஆளுகிறார்கள். அவர்களிடம் கூலிக்கு வேலை பார்க்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், அந்தக் கூலிப்படை ஆளிடம் பேசினால் தோற்ற மன்னனுக்கு நான் ஏன் சாக வேண்டும் என்று கேட்பான். பக்கத்திலேயே அடிமைகள் மண் சுமந்துகொண்டிருப்பார்கள். சில ஓர்க்குகளுக்கு மனிதர்கள் என்றாலே இளக்காரம், சிலர் நன்றாகச் சண்டை போடுகிறவனை யாராக இருந்தாலும் மதிப்பார்கள். அரங்கு இருக்கும் ஊரில் வரிசையாக எல்லோரையும் வீழ்த்துங்கள், அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவன் பேசுவான். ஊருக்கு ஊர் உங்கள் மதிப்பு தனிக் கணக்கு. போதுமான மதிப்பு இருந்தால்தான் அந்த ஊர்த் தலைவனைப் பார்க்கவே விடுவார்கள்.

இதில் யார் பக்கம் நிற்பது என்று கேம் கேட்கவே கேட்காது. கலகக்காரர்களின் கவசத்தை மாட்டிக்கொண்டு ஓர்க் ஊருக்குள் நுழைந்தால் வாளை உருவுவார்கள். கழற்றி வைத்துவிட்டு வந்தால் அதே ஆள் வேலை கொடுப்பான். பகலில் அவர்களுக்குக் காணாமல் போன சரக்கைத் தேடிக் கொடுத்துவிட்டு, இரவில் அதே ஊரைக் கலகக்காரர்களுக்கு விடுவிக்கலாம். அல்லது தலைகீழாக, மறைவிடங்களைக் காட்டிக்கொடுத்துக் கலகத்தையே முடித்துவைக்கலாம். பாலைவனத்தில் அடிமை வியாபாரம் செய்யும் ஹஷிஷின்களும் நாடோடிகளும் என்று இதே மாதிரி இன்னொரு தராசு. முடிவும் மூன்று, கேமின் மூன்று தெய்வங்களை வைத்து. இன்னோஸ் பக்கம், பெலியார் பக்கம், அல்லது அடானோஸின் பெயரால் தெய்வங்களின் பிடியே இந்த உலகத்துக்கு வேண்டாம் என்பது.

அதே 2006-இல், சில மாதம் முன்னால் வந்த ஆப்லிவியன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுவும் பிடிக்கும், அதன் கில்டு கதைகள் அருமை. ஆனால் அங்கே நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளரும், வழிப்பறி செய்கிறவன்கூடக் கடைசியில் விலையுயர்ந்த கவசத்தோடு வந்து நிற்பான். கோதிக் 3-இல் உலகம் உங்களைப் பார்த்து மாறுவதில்லை. ஓநாய்க் கூட்டம் ஓநாய்க் கூட்டம்தான், பனிமலையில் இருக்கும் மிருகம் நீங்கள் எந்த லெவலில் போனாலும் அதே பலத்தோடு இருக்கும். அதனால்தான் பிறகு பலமாகத் திரும்பிப் போய் அதை வீழ்த்தும்போது நாம் வளர்ந்தது கையில் தெரிகிறது.

மூன்றாம்சுவடி:

தேன்சிட்டு சொன்னதில் பொய்யில்லை. ஆனால் நிழல்வில் கேட்டது கடைசி வரை ஆட விஷயம் இருக்கிறதா என்று. அதற்கு நேர்மையான பதில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான் 2002-இல் வந்த கோதிக் 2-ஐ உயிராக நினைப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த கேமில் உலகம் சின்னது. ஆனால் கோரினிஸ் நகரத்தில் யார் எந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறான், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதெல்லாம் இன்றைக்கும் சொல்வேன். ஒரு அத்தியாயம் முடிந்தால் அடுத்த அத்தியாயத்தில் நாம் பழகிய சாலையிலேயே புது ஆபத்து வந்து நிற்கும். கவசம் என்பது நாம் எந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம் என்பதன் அடையாளம், அதை முதன்முதலாக மாட்டும்போது ஊரே நம்மைப் பார்க்கும் பார்வை மாறும்.

மூன்றில் அத்தியாயமும் இல்லை, கூட்டத்தில் சேர்வதும் இல்லை. மதிப்பு ஏறினால் கவசத்தை வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கலாம், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது. ‘கலகக்காரன்’, ‘அடிமை’, ‘ஓர்க் கூலிப்படை’ என்று தலைக்குமேல் எழுதியிருக்கும். முதல் கேமிலிருந்து கூடவே வந்த டியகோ, கோர்ன், மில்டன், லெஸ்டர் ஆகிய நண்பர்கள் ஆர்டியா ஊரில் நடக்கும் முதல் சண்டையில் நம்மோடு நிற்பார்கள், அது அருமையான தொடக்கம். அப்புறம் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், மறுபடி பார்க்கும்போது பேச நாலு வரிதான் இருக்கும். இத்தனை வருட நட்புக்கு நாலு வரி போதுமா?

பெட்டி விஷயத்தை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. பழைய கேம்களில் ஒரு குகையின் கடைசியில் பெட்டி இருந்தால், அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் யோசித்து வைத்திருப்பார். இங்கே பெரும்பாலான பெட்டிகளில் எதைத் திறக்கிறோம் என்பது கணக்கில்லை, எத்தனையாவதாகத் திறக்கிறோம் என்பதுதான் கணக்கு. வரிசையில் அடுத்த பொருள் வரும். மலை உச்சியில் திறந்தாலும் குடிசையில் திறந்தாலும் அதேதான். இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு குகைக்குள் நுழையும் ஆர்வமே பாதி போய்விட்டது. தேடிப் போகிற கேமில் அது சின்னக் குறை இல்லை.

அதனால் என் பதில்: பக் எல்லாம் தீர்ந்துவிட்டது, வெறுமை தீரவில்லை. மிர்தானாவில் நான்கைந்து ஊர் முடிந்ததும் அடுத்த ஊரிலும் இதையேதான் செய்யப்போகிறோம் என்று புரிந்துவிடும்.

வெண்முகில்:

சண்டை பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாற்று பேலன்ஸ்: போடுங்கள். புது ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், நடுவில் மாற்றினால் கணக்கெல்லாம் குழம்பும்.

மாற்று ஏ.ஐ.: முதலில் போடாமல் ஆரம்பித்து, கை பழகியதும் போடுங்கள். ஆரம்பத்தில் வந்த வடிவத்தில் யார் முதல் அடி அடிக்கிறார்களோ அவர்கள் கை ஓங்கும். இடது பட்டனை விடாமல் தட்டினால் பெரிய ஓர்க்கும் திருப்பி அடிக்க முடியாமல் நிற்பான். அதே கணக்கில் ஒரு காட்டுப்பன்றி நம்மை முட்ட ஆரம்பித்தால் சாகும் வரை எழ முடியாது, அந்தப் பன்றியின் கெட்ட பெயர் அப்படி வந்ததுதான். மாற்று ஏ.ஐ.யில் எதிரிகள் தடுப்பார்கள், ஒதுங்குவார்கள், கூட்டமாக இருந்தால் ஒருவர்பின் ஒருவராகக் காத்திருக்காமல் சேர்ந்து வருவார்கள். நல்ல சண்டை, ஆனால் முதல் சில லெவல்களில் கஷ்டம்.

தொடக்கத்தில் வில் எடுங்கள். பாறைமேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக இழுத்து அடித்தால் லெவலுக்கு மீறிய மிருகத்தைக்கூட முடிக்கலாம்.

மந்திரம் பிடிக்கும் என்றால் பழைய கேம் மாதிரி ரூன் (மந்திரக் கல்) கிடையாது, கதைப்படி ரூன்களின் சக்தி போய்விட்டது. ஊர்களில் இருக்கும் புத்தகப் பீடங்களில் படித்துப் பழைய அறிவை ஏற்றி, மூன்று தெய்வங்களின் பீடங்களில் வேண்டி மந்திரம் கற்க வேண்டும். ஆரம்பத்தில் மெதுவாகப் போகும், பாதிக்கு மேல் வாளைவிட இதுவே பலம்.

தேன்சிட்டு:

மூன்றாம்சுவடி, பெட்டி விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பெயரில்லாத ஆட்கள் விஷயத்திலும்தான். ஆனால் இந்தக் குறைகளை எடுத்துவிட்டு அந்த நல்லதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வது போல இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அத்தியாயங்களை எடுத்ததால்தான் எந்த ஊரை எப்போது பிடிப்பது என்பது நம் கையில் வந்தது. எல்லா ஊர்த் தலைவனும் எந்த நேரத்திலும் சாகலாம் என்று விட்டுவிட்டால், அவனைச் சுற்றி நீளமான கதை எழுத முடியாது. யாரும் நாளைக்கு இருக்க மாட்டார்கள் என்கிற உலகத்தில் எழுத்தாளர் என்ன எழுதுவார்? கதவுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தார்கள், அதனால் எந்த அறையிலும் நம்மை நிற்கவைக்க அவர்களால் முடியவில்லை. குறையும் நிறையும் ஒரே முடிவிலிருந்து வந்தவை.

கேமைச் செய்த பிரானா பைட்ஸ்காரர்களுக்கே இது தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2009-இல் ரைசன் என்ற கேம் செய்தபோது ஒரு தீவுக்குள் சுருக்கிக்கொண்டார்கள், அத்தியாயம் திரும்ப வந்தது, கூட்டத்தில் சேர்வதும் திரும்ப வந்தது. அளவாக, அழகாக இருந்தது. 2017-இல் எலெக்ஸ் செய்யும்போது மறுபடி பெரிய உலகம், ஆனால் இந்த முறை கூட்டங்களில் சேர்வதை விடவில்லை. 2024-இல் அந்த ஸ்டுடியோவே மூடப்பட்டது, அதனால் இந்த இரண்டையும் முழுசாகச் சேர்த்துவைத்த ஒரு கேமை அவர்களிடமிருந்து இனி எதிர்பார்க்க முடியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கரும்பாறை:

ஒரு சின்னத் தகவல், தொடர்ச்சி தேடிப் போகிறவர்களுக்கு. 2008-இல் ‘ஃபர்சேக்கன் காட்ஸ்’ என்று ஒரு தனித் தொகுப்பு வந்தது. அதைச் செய்தது பிரானா பைட்ஸ் இல்லை, மும்பையிலிருந்த ட்ரைன் கேம்ஸ். மூன்றின் கதை முடிவுக்கு அப்புறம் நடப்பது. மூன்றைவிட மோசமான நிலையில் வெளிவந்தது, அதற்கும் பிறகு ரசிகர்களே பேட்ச் போட்டார்கள். மூன்று பிடித்துப்போய், இன்னும் மிர்தானாவில் நடக்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் போங்கள்.

நிழல்வில்:

எல்லோருக்கும் நன்றி. 1.75 பேட்ச், எஸ்.எஸ்.டி., மாற்று பேலன்ஸ் போட்டு ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ஒரு க்ராஷ்கூட இல்லை.

கேப் டன் என்ற ஓர்க் ஊரை முடித்தேன், அதைச் சொல்ல வேண்டும். முதலில் ஊருக்குள் இருந்த எல்லா வேலையும் ஓர்க்குகளுக்குச் செய்து கொடுத்தேன். ஒவ்வொருவனாகப் பேச ஆரம்பித்தான், ஒருவன் எனக்கு வாள் பயிற்சிகூடக் கொடுத்தான். அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நின்று ஓரத்துக் காவலன்மேல் ஒரு அம்பு. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மட்டும் ஓடி வந்தார்கள், உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. அவர்களை முடித்துவிட்டு, தூங்கி எழுந்து, அடுத்தது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் வாளை உருவிக்கொண்டு என்மேல் திரும்பியது. வாள் சொல்லிக்கொடுத்த அந்த ஓர்க் முன்னால் வந்தான். அவன் விழுந்தபோது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. கேம் அதற்காக ஒரு வசனமும் எழுதவில்லை, ஒரு காட்சியும் வைக்கவில்லை. ஆனால் அவனிடம் போய்க் கற்றுக்கொண்டதும் நான், அம்பை விட்டதும் நான். எழுதி வைத்த கதையில் யாராவது சாகும்போது எனக்கு இப்படி இருந்ததில்லை.

மூன்றாம்சுவடி சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. ஊர் கைமாறிய பிறகு அடிமையாக இருந்தவனிடம் போய்ப் பேசினேன். எதுவுமே நடக்காதது போல அதே பொதுவான ஒரு வரி. ஊரையே விடுவித்திருக்கிறோம், ஒரு வார்த்தை வித்தியாசமாகச் சொல்லக் கூடாதா என்று இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்ய விட்டுவிட்டு அதைக் கொண்டாட ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

இசையை மறந்தே போயிருந்தேன். இசையமைப்பாளர் கை ரோசன்கிரான்ட்ஸ் முழு ஆர்கெஸ்ட்ராவோடு செய்திருக்கிறார். காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்து, ஒரு திருப்பத்தில் சமவெளி திறக்கும்போது முழுசாக எழும்புகிறது. சும்மா நின்று கேட்டேன்.

அடுத்து எங்கே போவது? ஊர்களை இப்படியே ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு போகலாமா? வரான்ட் முதலிலா, நோர்ட்மார் முதலிலா?

மூன்றாம்சுவடி:

அந்த ஓர்க் விஷயம் நன்றாக எழுதினீர்கள். நான் ஆடியபோது ஊர்த் தலைவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வேகமாகப் போய்க்கொண்டே இருந்தேன், நீங்கள் சொல்வது மாதிரி எல்லோரிடமும் வேலை பார்த்துப் பழகிவிட்டு ஆடினால் கேம் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது. வெறுமை பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நிதானமாக ஆடுகிறவருக்கு அது தாமதமாகத்தான் தெரியும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விக்கு: வரிசையாக விடுவிக்காதீர்கள். சில ஊர்கள் விழுந்ததும் செய்தி பரவிவிடும், அப்புறம் எந்த ஓர்க் ஊருக்குள்ளும் சமாதானமாக நுழைய முடியாது. அங்கே இருக்கும் குவெஸ்ட், அரங்கு, பயிற்சி, புத்தகப் பீடம் எல்லாம் போச்சு. மிர்தானா முழுக்க முதலில் சுற்றி, எல்லா ஊரிலும் மதிப்பைச் சேர்த்து, பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்துவிட்டுப் பிடிக்க ஆரம்பியுங்கள்.

தேன்சிட்டு:

அதேதான். ட்ரெலிஸ் ஊர் வழியாக வரான்ட் இறங்குங்கள், ஹஷிஷின் ஊர்களில் வேலை நிறைய, லெவல் சீக்கிரம் ஏறும். அடிமை வியாபாரம்தான் அங்கே பிழைப்பு, சில வேலைகளைச் செய்ய மனசு வராது, வேண்டாம் என்று விட்டுவிடலாம். நாடோடிகள் பக்கம் எப்போது வேண்டுமானாலும் சாயலாம். கொஞ்சம் பலமான பிறகு வடக்கே ஃபாரிங் ஊர் வழியாக நோர்ட்மார். அங்கே குறுகலான பனிப் பாதைகள், ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது நிற்கும், மேப்பில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும் இடத்துக்குப் பெரிய சுற்று சுற்றித்தான் போக வேண்டும். நொடியில் ஓர் இடத்துக்குத் தாவவைக்கும் டெலிபோர்ட் கல் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்.

இன்னோஸின் நெருப்புக் கிண்ணங்கள் மொத்தம் 12, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். கண்ணில் பட்டதும் எடுத்து வையுங்கள், நோர்ட்மார் மடாலயத்தில் அதற்கு வேலை இருக்கிறது. அடானோஸின் கலைப்பொருட்கள் 5, அவற்றை யாரிடமும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் ஸார்டாஸிடம் பேசுங்கள், மூன்று முடிவுகளும் அதுவரை திறந்தே இருக்கும்.

ஃபாரிங்கில் ஓர்க் தலைவன் கான் இருக்கிறான். அந்த ஊரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போகும் முன் கரும்பாறை சொன்ன மாதிரி தனியாக ஒரு சேவ்.